சைக்கிள் ரிப்பேரை வீட்டிலேயே செய்வது எப்படி: பஞ்சர் முதல் கியர் வரை

சைக்கிளில் ஒளிந்திருக்கும் பாகம் என்று பெரிதாக எதுவும் கிடையாது. பிரேக்கைப் பிடித்தால் கேபிள் இழுபடுவதும், கட்டை போய் ரிம்மைக் கவ்வுவதும் கண்ணெதிரே தெரியும். வீட்டில் உட்கார்ந்து கற்றுக்கொள்ள இதைவிடத் தோதான வண்டி இல்லை. ஒரே ஒரு பழக்கம் மட்டும் வேண்டும்: என்ன கெட்டிருக்கிறது என்று தெரிவதற்கு முன் எந்தத் திருகையும் தொடக் கூடாது. கியர் சரியாக விழவில்லை என்றதும் கண்ணில் பட்ட திருகையெல்லாம் திருகிவிடுகிறோம். கடைசியில் பார்த்தால் கோளாறு துருப்பிடித்த கேபிளில் இருக்கும். அதற்குள் மற்ற எல்லா அளவுகளும் கலைந்துபோயிருக்கும்.

எனவே முதலில் பார்ப்பது, அப்புறம் திருகுவது. கீழே உள்ள எல்லா வேலைகளுக்கும் இதே வரிசைதான்.

என்னென்ன கருவிகள் வேண்டும்

பெரிய பெட்டி நிறையக் கருவி வாங்கத் தேவையில்லை. 4, 5, 6 மி.மீ. ஆலன் கீ (ஆறு பட்டை முனைச் சாவி) மூன்றும் இருந்தால் இன்றைய சைக்கிள்களில் பாதி வேலை முடிந்துவிடும். பழைய பாணி சைக்கிளாக இருந்தால் 8, 9, 10, 15 மி.மீ. ஸ்பேனர்கள் வேண்டும். இவற்றோடு பிளாஸ்டிக் டயர் லீவர் இரண்டு, பஞ்சர் ஒட்டும் பொருட்கள், மீட்டர் வைத்த பம்பு, ஒரு ஸ்க்ரூ டிரைவர், கிரீஸ், செயின் ஆயில், பழைய பருத்தித் துணி, பழைய பல் துலக்கும் பிரஷ். செயின் கழற்றும் கருவியையும் ஸ்போக் கீயையும் தேவை வரும்போது வாங்கிக்கொள்ளலாம்.

ஒன்றில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்: கேபிள் வெட்டும் கட்டர். சாதாரணக் குறடால் வெட்டினால் கேபிள் முனை பிரிந்து நார் நாராகிவிடும். பிறகு அது எந்த ஓட்டைக்குள்ளும் நுழையாது. ஆலன் கீயும் தரமானதாக இருக்கட்டும். முனை மழுங்கிய கீ போல்ட்டின் தலையைத் தின்றுவிடும், அந்தப் போல்ட்டைக் கழற்ற அரைநாள் போகும்.

ஸ்டாண்ட் இல்லை என்றால் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து வேலை செய்யலாம். ஹேண்டிலில் இருக்கும் லைட், பெல், பிரேக் லீவர் தரையில் நசுங்காமல் கீழே துணி மடித்துப் போடுங்கள். ஆயில் டிஸ்க் பிரேக் உள்ள சைக்கிளை மட்டும் நீண்ட நேரம் கவிழ்த்து வைக்க வேண்டாம். லீவர் பக்கம் தேங்கி நிற்கும் காற்று குழாய்க்குள் போனால் பிரேக் தொளதொளவென்று ஆகிவிடும்.

ஐந்து நிமிட சோதனை

எந்த வேலைக்கும் முன்னால் வண்டியை இப்படி ஒரு சுற்றுப் பாருங்கள். முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஹேண்டிலுக்குக் கீழே ‘டக் டக்’ என்று தட்டினால் ஹெட்செட் (ஹேண்டில் திரும்பும் இடத்தில் உள்ள பேரிங்) தளர்ந்திருக்கிறது. சக்கரத்தை மேல்பகுதியில் பிடித்துப் பக்கவாட்டில் அசையுங்கள். ஆட்டம் இருந்தால் சக்கரத்தின் நடுவில் உள்ள ஹப்பில், பேரிங் குண்டுகளைப் பிடித்திருக்கும் கோன் தளர்ந்திருக்கிறது. பெடல் மாட்டியிருக்கும் கிராங்க்கைப் பிடித்து உள்ளும் வெளியும் அசையுங்கள். இரண்டு கிராங்க்கும் சேர்ந்து ஆடினால் நடுவில் இருக்கும் பேரிங்கில் கோளாறு. ஒன்று மட்டும் ஆடினால் அந்தக் கிராங்க்கின் போல்ட் தளர்ந்துவிட்டது. அதோடு ஓட்டினால் கிராங்க்கின் துளை தேய்ந்து, பிறகு எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது.

சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றி, பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் நடுவே உள்ள இடைவெளியைக் கவனியுங்கள். இடைவெளி கூடிக் குறைந்தால் கோட்டம் இருக்கிறது. ஸ்போக்ஸை இரண்டிரண்டாகச் சேர்த்துப் பிடித்து அமுக்கிப் பார்த்தால் தளர்ந்தது கையிலேயே தெரிந்துவிடும். டயரில் வெட்டு, பக்கச்சுவரில் வீக்கம் இருக்கிறதா என்றும் ஒரு பார்வை.

பஞ்சர்

1888-இல் டன்லப் காற்றடைத்த டயரைக் கொண்டுவந்த காலத்தில் டயரை ரிம்மோடு ஒட்டித்தான் வைத்தார்கள். பஞ்சர் ஆனால் மணிக்கணக்கில் வேலை. கழற்றி மாட்டும் சைக்கிள் டயரை மிஷ்லின் சகோதரர்கள் 1891-இல் கொண்டுவந்தார்கள். இன்று நம் கையில் இருப்பதும் கழற்றி மாட்டும் டயர்தான். அது எப்படி ரிம்மில் உட்காருகிறது என்று புரிந்துவிட்டால் லீவரைப் போட்டு மல்லுக்கட்ட வேண்டியிருக்காது.

ரிம்மின் நடுப்பகுதி ஓரங்களைவிடப் பள்ளமாக இருக்கும். டயரின் ஓரத்தில் கம்பி வைத்த விளிம்பு நீளாது. ஆனால் அந்த விளிம்பை ஒரு பக்கம் பள்ளத்துக்குள் தள்ளிவிட்டால் எதிர்ப்பக்கம் தளர்ச்சி கிடைக்கும். அதனால் காற்றை முழுதும் இறக்கிவிட்டு, இரண்டு கையாலும் டயரைச் சுற்றிலும் அமுக்கி விளிம்பைப் பள்ளத்துக்குள் தள்ளுங்கள். பிறகு லீவரைப் போட்டால் சுலபமாக வரும். ஒரு பக்க விளிம்பைக் கழற்றினால் போதும், டியூபை உருவிவிடலாம். கியர் சைக்கிளாக இருந்தால் பின் சக்கரத்தைக் கழற்றும் முன் செயினை மிகச் சிறிய பல்சக்கரத்துக்கு இறக்கிக்கொள்ளுங்கள்.

டியூபை வழக்கத்தைவிடப் பெரிதாக ஊதி, கன்னத்துக்கு அருகே கொண்டுபோய்ச் சுற்றுங்கள். காற்று படுவது தெரியும். தெரியாவிட்டால் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பாருங்கள். ஓட்டை கிடைத்ததும் ஒட்டிவிடத் தோன்றும். பொறுங்கள். ஓட்டை எங்கே இருக்கிறது, எப்படி இருக்கிறது என்று பார்த்தால்தான் அது ஏன் வந்தது என்று தெரியும்.

டயர் பக்கம் ஒற்றைத் துளை என்றால் முள், கண்ணாடி, கம்பி. வால்வை வைத்து அளந்து, டயரில் அதே இடத்தைத் தேடினால் ஆள் சிக்கிவிடுவான். அடுத்தடுத்து இரண்டு கீறல், பாம்பு கடித்ததுபோல் இருந்தால், காற்று குறைவாக வைத்துக் கல்லிலோ பள்ளத்திலோ ஏற்றியிருக்கிறீர்கள். டியூப் டயருக்கும் ரிம்முக்கும் நடுவே நசுங்கியிருக்கிறது. ரிம் பக்கம் துளை என்றால் உள்ளே போட்டிருக்கும் ரிம் டேப் நகர்ந்து ஸ்போக் முனை குத்தியிருக்கிறது. வால்வின் அடியில் கிழிசல் என்றால் காற்று குறைந்த டயர் ரிம்மில் நழுவி வால்வை இழுத்திருக்கிறது, அந்த டியூபை மாற்றுவதுதான் வழி. இதைப் பார்க்காமல் ஒட்டினால் அடுத்த நாளே அதே இடத்தில் பஞ்சர் ஆகும், பழி ஒட்டின்மேல் விழும். டயரின் உட்பக்கம் முழுவதையும் பருத்தித் துணியால் துடையுங்கள். ஒளிந்திருக்கும் முள் துணி நூலில் மாட்டும், விரலில் குத்தாது.

இனி ஒட்டு. துளையைச் சுற்றி ஒட்டைவிடக் கொஞ்சம் பெரிய இடத்தை உப்புத்தாளால் தேயுங்கள். பளபளப்பு போய் மங்க வேண்டும். டியூபில் நெடுக ஓடும் மெல்லிய வரப்பு அந்த இடத்தில் இருந்தால் அதை மட்டமாகத் தேய்த்துவிடுங்கள். இல்லையென்றால் அதன் ஓரமாகக் காற்று கசியும். சொல்யூஷனை மெல்லிய பூச்சாகத் தடவிக் காய விடுங்கள். ஈரத்தோடு ஒட்டினால் நிற்காது. நாலைந்து நிமிடம் கழித்து, மினுமினுப்பு போய்த் தொட்டால் விரலில் ஒட்டாத நிலைக்கு வந்த பிறகு ஒட்டை வைத்து நடுவிலிருந்து ஓரம் வரை அழுத்தித் தேயுங்கள்.

மாட்டும்போது டியூபில் வடிவம் நிற்கும் அளவுக்கு மட்டும் காற்று வையுங்கள். டயரின் விளிம்பை வால்வுக்கு எதிர்ப்பக்கம் தொடங்கி, வால்வில் வந்து முடியுங்கள். கடைசிப் பகுதியைக் கட்டைவிரலால் தள்ளுவது நல்லது. லீவர் போட்டால் புது ஒட்டு போட்ட டியூபே மறுபடி நசுங்கலாம். முடிந்ததும் வால்வை உள்ளே ஒரு தள்ளுத் தள்ளி வெளியே இழுங்கள், அடியில் மாட்டியிருக்கும் விளிம்பு விடுபடும். சுற்றிலும் டியூப் எட்டிப் பார்க்கவில்லை என்று உறுதி செய்துவிட்டு டயரின் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் அளவுக்குள் காற்றடியுங்கள்.

ஓட்டையே இல்லாமல் காற்று இறங்குகிறதா? வால்வு வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்துப் பாருங்கள். குமிழி வந்தால் கோளாறு வால்வில். ரப்பர் குழாய் போட்ட பழைய வால்வில் அந்தச் சிறு குழாயை மாற்றினால் போதும்.

புது டயர், டியூப் வாங்கும்போது இன்ச் கணக்கை நம்ப வேண்டாம். 26 இன்ச் என்று சொல்லப்படும் டயர்களிலேயே 559 மி.மீ. ரிம்முக்கு ஒன்று, 590 மி.மீ. ரிம்முக்கு ஒன்று இருக்கிறது. ஒன்று மற்றதில் ஏறாது. டயரின் பக்கத்தில் 37-622 என்பதுபோல் இருக்கும் எண்ணைப் பாருங்கள். முதல் எண் அகலம். இரண்டாவது, விளிம்பு உட்காரும் இடத்தில் ரிம்மின் விட்டம். அது அப்படியே பொருந்தியாக வேண்டும்.

பிரேக்

பிரேக்கில் அரைகுறை என்பதே கூடாது. முடித்தோமா, சோதித்தோமா என்று உறுதியாகத் தெரியாத பிரேக்கோடு ரோட்டுக்குப் போகாதீர்கள்.

ரிம்மைப் பிடிக்கும் பிரேக்கில் முதலில் கட்டையைப் பாருங்கள். அதில் குறுக்கே இருக்கும் பள்ளங்கள் தேய்ந்து மறைந்திருந்தால் மாற்றுங்கள். பள்ளம் இருந்தும் கரகரவென்று சத்தம் வந்தால் ரப்பரில் அலுமினியத் துகள் பதிந்திருக்கும். ஊசியால் நோண்டி எடுத்துவிட்டு, முகத்தை உப்புத்தாளில் லேசாகத் தேயுங்கள். ரிம்மைச் சோப்புத் தண்ணீரில் கழுவித் துடையுங்கள். பிடிக்காத பிரேக்குகளில் பல இந்தச் சுத்தத்திலேயே பிடிக்கத் தொடங்கிவிடும்.

கட்டையை மாட்டும்போது லீவரைப் பிடித்து அது ரிம்மில் எங்கே படுகிறது என்று பார்த்து இறுக்குங்கள். முழு முகமும் ரிம்மில் பட வேண்டும். மேலே போய் டயரைத் தொடவே கூடாது, தொட்டால் சில நாளில் டயரை அறுத்துவிடும். கீழே இறங்கித் தொங்கவும் கூடாது. முன்முனை பின்முனையைவிட ஒரு மி.மீ. முந்தித் தொடும்படி வைத்தால் கீச்சென்று கத்தாது. ஒரு தடித்த அட்டைத் துண்டைப் பின்முனைக்கு அடியில் சொருகிக்கொண்டு இறுக்கினால் அந்த அளவு தானாக வந்துவிடும்.

லீவரை முழு பலத்தோடு பிடித்தாலும் அதற்கும் கைப்பிடிக்கும் நடுவே இரண்டு விரல் இடம் மிஞ்ச வேண்டும். இல்லையென்றால் கேபிள் நுழையும் இடத்தில் இருக்கும் சிறு அட்ஜஸ்டரை வெளிப்பக்கமாகத் திருகி இழுவையைக் கூட்டுங்கள். அது எட்டாவிட்டால் அட்ஜஸ்டரை மறுபடி உள்ளே திருகிவிட்டு, பிரேக்கில் கேபிளைப் பிடித்திருக்கும் போல்ட்டைத் தளர்த்தி, கேபிளை இழுத்து இறுக்குங்கள்.

கேபிள் மாற்றும்போது ஒரு விஷயத்தை மறக்கவே கூடாது. கியருக்கான வெளி உறையைப் பிரேக்குக்குப் போடாதீர்கள். பார்க்க இரண்டும் ஒன்றுபோல் இருக்கும். பிரேக் உறையின் உள்ளே கம்பி சுருளாகச் சுற்றியிருக்கும், அழுத்தம் தாங்கும். கியர் உறையில் கம்பிகள் நீளவாக்கில் ஓடும். அவசரமாகப் பிரேக் பிடிக்கும்போது அது பிளந்துகொண்டால் பிரேக்கே இருக்காது. உறையை வெட்டியதும் முனையை அரத்தால் மட்டமாக்கி, உள்ளே நசுங்கிய பிளாஸ்டிக் குழாயை ஊசியால் திறந்துவிடுங்கள். இந்த ஒரு நிமிட வேலையில்தான் லீவர் கையில் மென்மையாக ஓடுவது இருக்கிறது.

டிஸ்க் பிரேக்கில் சக்கரத்தோடு சுழலும் உலோகத் தட்டையும், அதைக் கவ்வும் பேடையும் எண்ணெய்க் கையால் தொடாதீர்கள். சக்கரம் சுற்றும்போது உரசினால், பேடுகள் இருக்கும் கூடான கேலிப்பரைப் பிடித்திருக்கும் இரண்டு போல்ட்டையும் சற்றுத் தளர்த்தி, லீவரை இறுக்கிப் பிடித்தபடியே மறுபடி இறுக்குங்கள். பெரும்பாலும் நடுவில் வந்து நின்றுவிடும். இது ஆயில் பிரேக்குக்கான வழி. கேபிள் டிஸ்க்கில் பலவற்றில் ஒரு பேடு மட்டுமே நகரும், அசையாத பேடைத் தட்டுக்கு மிக அருகே திருகி வைத்துவிட்டு மற்றதைச் சரி செய்யுங்கள். புது பேடு போட்டால் ஆளில்லாத இடத்தில் வேகமெடுத்து, சக்கரம் நின்றுபோகாமல் வேகத்தைக் குறைத்து, இப்படிப் பத்து இருபது முறை செய்த பிறகுதான் முழுப் பிடிப்பு வரும். சக்கரம் கழன்றிருக்கும்போது ஆயில் பிரேக்கின் லீவரைப் பிடிக்காதீர்கள், பேடுகள் நடுவில் வந்து சேர்ந்துவிடும். மினரல் ஆயில் கேட்கும் பிரேக்கில் டாட் (DOT) என்று குறித்த பிரேக் திரவத்தை ஊற்றினால் உள்ளே உள்ள ரப்பர் கெட்டுவிடும், மாற்றி ஊற்றினாலும் அப்படியே.

செயின்

ஆயில் விடுவதற்கு முன் துடைப்பதுதான் முக்கியம். அழுக்குச் செயினில் ஊற்றிய ஆயில் மண்ணோடு சேர்ந்து அரைக்கும் பசையாகிவிடும். துணியைச் செயினைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு பெடலைப் பின்னோக்கிச் சுற்றுங்கள். ரொம்பவும் அழுக்கென்றால் பிரஷ்ஷும் மண்ணெண்ணெயும், பிறகு நன்றாக உலர்த்தல். உலர்ந்ததும் ஒவ்வொரு உருளைக்கும் ஒரு சொட்டு. சில நிமிடம் பெடலைச் சுற்றி உள்ளே இறங்க விட்டு, வெளியே இருப்பதைச் சுத்தமாகத் துடைத்துவிடுங்கள். ஆயில் வேலை செய்யும் இடம் செயினின் உள்ளேதான். வெளியே மிஞ்சுவது தூசியைத்தான் பிடிக்கும். துரு எடுக்கும் ஸ்பிரேக்கள் செயின் ஆயிலுக்குப் பதிலாகாது, சீக்கிரம் ஆவியாகிப் போய்விடும்.

செயின் தேய்ந்துவிட்டதா என்று ஒரு சாதாரண இன்ச் ஸ்கேலிலேயே அளக்கலாம். புதுச் செயினில் ஒரு முளையின் நடுவிலிருந்து 24 கண்ணி எண்ணினால் சரியாக 12 இன்ச் வரும், ஒரு கண்ணி 12.7 மி.மீ. ஓடிய செயினில் அதே 24 கண்ணி 12 இன்ச்சையும் தாண்டி ஒரு இன்ச்சில் பதினாறில் ஒரு பங்கு போனால் செயினை மாற்றும் நேரம். எட்டில் ஒரு பங்கு போய்விட்டால் பல்சக்கரமும் சேர்ந்து தேய்ந்திருக்கும். புதுச் செயின் அதில் வழுக்கும், இரண்டையும் மாற்ற வேண்டியதுதான். பின்னால் 11, 12 கியர் உள்ள வண்டிகளின் மெல்லிய செயின்களை அந்தப் பதினாறில் ஒரு பங்குக்கு முன்னாலேயே மாற்றிவிடுவது நல்லது.

கியர் இல்லாத சைக்கிளில் செயின் இறுக்கத்தையும் பாருங்கள். நடுவில் விரலால் தூக்கினால் மேலும் கீழுமாக ஒரு செ.மீ. அளவு அசைய வேண்டும். கிராங்க்கை முழுச் சுற்றுச் சுற்றி, மிக இறுக்கமாக வரும் இடத்தில் அளவு பாருங்கள். கிளிப் போட்ட இணைப்புக் கண்ணியில் கிளிப்பின் மூடிய பக்கம் செயின் ஓடும் திசையைப் பார்த்திருக்க வேண்டும்.

பின் கியர்

கியர் தகராறு செய்தால் முதல் சந்தேகம் கேபிள் மேல். இரண்டாவது, டிரெயிலர் (செயினைப் பல்சக்கரம் விட்டுப் பல்சக்கரம் நகர்த்தும் பாகம்) மாட்டியிருக்கும் ஹேங்கர் மேல். வண்டி வலது பக்கம் விழுந்திருந்தால் அது வளைந்திருக்கும். பின்னால் நின்று பார்த்தால், இரண்டு சிறு சக்கரங்கள் உள்ள கூடு பல்சக்கரத்துக்கு நேர்க்கோட்டில் தொங்க வேண்டும். சாய்ந்திருந்தால் என்ன திருகினாலும் ஒரு கியர் சரியாகி இன்னொன்று கெடும். இரண்டும் நன்றாக இருந்தால் இந்த வரிசையில் போங்கள்:

1. ஷிஃப்டரை மிகச் சிறிய பல்சக்கரத்துக்கு வைத்து, கேபிளைப் போல்ட்டிலிருந்து விடுவியுங்கள். டிரெயிலரில் எச் (H) என்று குறித்த திருகைத் திருகி, டிரெயிலரின் மேல் சக்கரம் சிறிய பல்சக்கரத்துக்கு நேர் கீழே வரும்படி செய்யுங்கள்.
2. அட்ஜஸ்டரை முழுக்க உள்ளே திருகி ஒரு சுற்று வெளியே எடுங்கள். கேபிளைத் தொய்வில்லாமல் இழுத்துப் போல்ட்டை இறுக்குங்கள்.
3. பெடலைச் சுற்றிக்கொண்டே ஒரு கிளிக் போடுங்கள். இரண்டாவது பல்சக்கரத்துக்கு ஏறத் தயங்கினால் அட்ஜஸ்டரை இடச்சுற்றாகக் கால் சுற்று. மூன்றாவதை உரசினால் வலச்சுற்றாகக் கால் சுற்று. சத்தம் அடங்கும்வரை இப்படியே.
4. மிகப் பெரிய பல்சக்கரத்துக்குப் போய், எல் (L) என்று குறித்த திருகை அந்த இடத்துக்கு அப்பால் டிரெயிலர் போகாதபடி நிறுத்துங்கள். கையால் உள்பக்கம் தள்ளியும் பாருங்கள். செயின் ஸ்போக்ஸுக்குள் விழுந்தால் சக்கரம், டிரெயிலர் இரண்டும் போய்விடும்.

ஒரு சமயத்தில் ஒரு திருகு, கால் சுற்று. எத்தனை சுற்று திருகினோம் என்று நினைவில் வைத்துக்கொண்டால் திரும்பி வர வழி இருக்கும்.

கோட்டம், ஆட்டம், பெடல்

கோட்டம் எடுப்பது பயப்படுகிற அளவுக்குக் கடினமில்லை, பொறுமைதான் வேண்டும். ரிம் வலப்பக்கம் வளைந்து வரும் இடத்தில், ஹப்பின் இடப்பக்கம் போகும் ஸ்போக்ஸைக் கால் சுற்று இறுக்குங்கள், வலப்பக்கம் போவதைக் கால் சுற்று தளர்த்துங்கள். டயர் பக்கத்திலிருந்து பார்க்கும்போது நிப்பிளுக்கு (ஸ்போக் முனையில் ரிம்மில் உட்காரும் சிறு நட்) வலச்சுற்றுதான் இறுக்கம். தொடங்கும் முன் ஒரே பக்கத்து ஸ்போக்ஸை விரலால் மீட்டிப் பாருங்கள். மற்றவற்றைவிட மந்தமாக ஒலிப்பது தளர்ந்தது, அங்கிருந்து ஆரம்பியுங்கள். ஏற்கெனவே இறுகிக் கிணுகிணுப்பதை மேலும் இறுக்கினால் அறுந்துவிடும்.

ஹப் ஆட்டத்துக்கு மெல்லிய கோன் ஸ்பேனர் வேண்டும். கோனைக் கையால் பேரிங் குண்டு தொடும்வரை திருகி, கொஞ்சம் பின்வாங்கி, அதைப் பிடித்துக்கொண்டு வெளி நட்டை இறுக்குங்கள். ஆட்டமும் இருக்கக் கூடாது, கரகரப்பும் கூடாது.

பெடலில் இடது பக்கத்தின் மரை தலைகீழாக இருக்கும். ஸ்பேனரை மேல்நோக்கி வைத்து முன் சக்கரத்தின் பக்கம் தள்ளினால் இரண்டு பெடலும் இறுகும், பின் சக்கரத்தின் பக்கம் தள்ளினால் இரண்டும் கழலும். மாட்டும் முன் மரையில் கிரீஸ் தடவி, முதல் சில சுற்றுகளைக் கையாலேயே திருகுங்கள். கோணலாக ஏறி மரை போனால் கிராங்க்கையே மாற்ற வேண்டிவரும்.

எதை மேம்படுத்தலாம்

என் கணக்கில் முதல் செலவு டயருக்குத்தான் போக வேண்டும். நல்ல டயர் உருளுவது, பிடிப்பு, பஞ்சர் மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றும். அகலமான டயர் போடுமுன் ஃபோர்க்கிலும் பிரேமிலும் இரு பக்கமும் சில மி.மீ. இடம் மிஞ்சுமா என்று அளந்துகொள்ளுங்கள். அடுத்தது பிரேக் கட்டையும் கேபிளும். இரும்பு ரிம் உள்ள சைக்கிளில் மழையில் பிரேக் வெகுவாகக் குறையும். அலுமினிய ரிம்முக்கு மாறினால் வித்தியாசம் முதல் நிறுத்தத்திலேயே தெரியும். சீட்டைப் புதிதாக வாங்குவதற்கு முன் உயரத்தைச் சரி பாருங்கள்: பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதில் வைத்தால் கால் நேராக நீள வேண்டும், சீட் கம்பியில் உள்ள குறைந்தபட்சக் கோடு வெளியே தெரியக் கூடாது.

மேடு ஏறச் சிரமமாக இருக்கிறது என்பதற்காகப் புது வண்டி தேவையில்லை. முன்னால் 44 பல், பின்னால் 18 பல் இருந்தால், 37-622 டயரில் ஒரு பெடல் சுற்றுக்கு வண்டி ஏறக்குறைய 5.3 மீட்டர் போகும். பின்னால் 22 பல் போட்டால் 4.4 மீட்டர். வேகம் குறையும், மேடு இலகுவாகும். செயின் கொஞ்சம் நீளமாக வேண்டியிருக்கும். கியர் சைக்கிளில் டிரெயிலர் எத்தனை பல் வரை தாங்கும் என்று பார்த்துவிட்டே பெரிய பல்சக்கரம் வாங்குங்கள். ஹப்பில் மரையில் ஏறும் ஃப்ரீவீலும், வரிப்பள்ளத்தில் சொருகும் கேசட்டும் வேறு வேறு, கழற்றும் கருவியும் வேறு.

ஃப்ரேமில் விரிசல், வளைந்த ஃபோர்க், கார்பன் பாகத்தில் அடி, இவற்றை வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள். நேராகக் கைதேர்ந்த மெக்கானிக்கிடம் போங்கள். மற்றபடி வேலை முடிந்ததும் ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் மெதுவாக ஓட்டி, இரண்டு பிரேக்கையும் தனித்தனியாகப் பிடித்துப் பாருங்கள். புதிதாக மாட்டிய கிராங்க்கும் பெடலும் முதல் சில நாள் ஓட்டத்தில் படிந்து உட்காரும், கேபிளும் லேசாகத் தொய்யும். ஒரு வாரம் கழித்து அந்தப் போல்ட்டுகளை இன்னொரு முறை இறுக்கி, அட்ஜஸ்டரை அரைச் சுற்று எடுத்துவிடுங்கள்.